ஐம்பதா, எழுபதா: கானா பாடகருக்கு எது காசு தரும்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, என் பெரியப்பா 90கள்ல நிறைய கானா கேசட்டுக்குப் பாடினவர். இப்போ அந்தப் பாட்டை எல்லாம் யார் யாரோ யூடியூப்ல போட்டு ஓட்டுறாங்க, அவருக்கு ஒரு பைசா வரலை. ஐரோப்பாவுல பாடகர்களோட உரிமையை 50 வருஷத்துலேர்ந்து 70 ஆக்கிட்டாங்களாமே? இங்கேயும் அதைக் கேட்டுப் போராடினா எங்க பக்கத்துக் கலைஞர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?"

தம்பி, ஒரே வார்த்தையில் கேட்டால், கிடைக்காது. இருபது வருஷம் கூட்டினாலும் சரி, நூறு வருஷம் கூட்டினாலும் சரி, இன்று உங்கள் பெரியப்பா கைக்கு வராத பணம் அதனால் மட்டும் நாளைக்கு வந்துவிடாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஐரோப்பாவில் இதற்காகப் பல வருஷம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் யார் முன்னால் நிறுத்தப்பட்டார்கள், கடைசியில் பணம் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால் நமக்குத் தேவையான பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, உங்கள் பெரியப்பா அன்று எதில் கையெழுத்துப் போட்டார் என்பதில் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிறவன் என்பதால் அந்த இரண்டாவது பாதி எனக்குக் கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

ஒரு பாட்டின் மேல் ஒரே ஒரு உரிமை இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 1966-இல் வந்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசன் எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்டு, டி.எம். சௌந்தரராஜன் பாடியது என்று வைத்துக்கொள்வோம். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரி தொடங்கி 60 வருஷம் பாதுகாப்பு. ஆக 2026 கடைசியோடு முடிகிறது. வரிகளுக்கு, எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம். கண்ணதாசன் மறைந்தது 1981, எனவே 2041 வரை. மெட்டுக்கும் அதே கணக்குதான். எம்.எஸ்.வி. மறைந்தது 2015 என்பதால் அது 2075 வரை போகும். சரி, பாடிய டி.எம்.எஸ்.? அவர் பாடிய நாளில் அவருக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் பாடுகிறவரையும் வாசிக்கிறவரையும் உரிமை உள்ள ஆட்களாகவே பார்க்கவில்லை. சம்பளம் வாங்கினாயா, கிளம்பு. அவ்வளவுதான்.

2017-இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோது ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது, ஞாபகம் இருக்கும். அது இசையமைப்பாளரின் உரிமை பற்றிய தகராறு. பாட்டை மேடையில் பாட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அங்கே கேள்வி. நாம் இங்கே பேசுவது அது இல்லை. பாடகர் ஒரு நாள் மைக் முன்னால் நின்று பாடினாரே, அந்தக் குறிப்பிட்ட பாடுதலின் மேல் அவருக்கு உள்ள உரிமை. அதே பாட்டை வேறொருத்தர் புதிதாகப் பாடினால் இந்த உரிமை அவரைத் தடுக்காது. பழைய பதிவையே எடுத்து ஓட்டினால்தான் இது தலையிடும்.

இந்த உரிமை இந்தியாவில் பிறந்தது 1994 திருத்தத்தில். நடைமுறைக்கு வந்தது 1995 மே 10. அப்போது கொடுத்தது வெறும் 25 வருஷம். உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் குறைந்தது 50 வருஷம் வேண்டும் என்றதால், 1999-இல் ஒரு திருத்தம் போட்டு 50 ஆக்கினார்கள். பாடகர்கள் கேட்டுக் கிடைத்ததல்ல அது, வெளியிலிருந்து வந்த நெருக்கடியில் கிடைத்தது. இதற்கு முந்தைய உலக ஒப்பந்தமான 1961 ரோம் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் 20 வருஷம்தான்.

கலைஞர் என்று யாரைச் சொல்கிறது சட்டம் என்றால், நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனமாடுகிறவர் என்று தொடங்கி கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை போகிறது. பாம்பாட்டிக்கு இடம் உள்ள பட்டியலில் கானா பாடகருக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'நேரடி நிகழ்ச்சி' என்று சட்டம் சொல்கிறதே, ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினால் அது சேருமா என்ற சந்தேகத்தையும் டெல்லி உயர் நீதிமன்றம் 2006-இல் தீர்த்துவிட்டது. ஆள் கூட்டம் முன்னால் பாடினாலும் ஸ்டுடியோவில் பாடினாலும், முதலில் அது நேரடியாகப் பாடியதுதானே.

இங்கேதான் உங்கள் போராட்ட யோசனையில் ஒரு ஓட்டை தெரிகிறது. 1995-இல் பாடியதற்கு 50 வருஷம் என்றால் 2045 டிசம்பர் 31 வரை. அதாவது இந்தச் சட்டத்தின் கீழ் பிறந்த பாடகர் உரிமை ஒன்றுகூட இன்னும் காலாவதியாகவில்லை. உங்கள் பெரியப்பா 1996-இல் பாடிய கேசட்டுக்கு 2046 கடைசி வரை பாதுகாப்பு இருக்கிறது. இன்று யூடியூபில் ஓடுவதற்குப் பணம் வரவில்லை என்றால், வருஷம் போதாமல் வராமல் இல்லை. உரிமை உயிரோடு இருக்கும்போதே வரவில்லை. நீட்டிப்பு வாங்கினால் அதன் முதல் ரூபாய் 2046-க்குப் பிறகுதான், அதுவும் வந்தால்.

இப்போது ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கே பாடகருக்கும் ஒலிப்பதிவு கம்பெனிக்கும் சேர்த்தே 50 வருஷம் இருந்தது. 1950களின் நடுவில் ராக் அண்டு ரோல் பதிவுகள் வர ஆரம்பித்தன. 50 வருஷம் நெருங்கியதும் அவை ஒவ்வொன்றாக உரிமை முடிந்து பொதுச் சொத்தாகும் காலம் வந்தது. பிரிட்டனில் கிளிஃப் ரிச்சர்ட் என்ற பெரிய பாடகர் நீட்டிப்புப் பிரசாரத்தின் முகமானார். அவருடைய முதல் வெற்றிப் பாட்டு 1958-இல் வந்தது. சட்டத்தையே பத்திரிகைகள் 'கிளிஃப் சட்டம்' என்று கூப்பிட்டன.

பிரிட்டன் அரசு ஆண்ட்ரூ கவர்ஸ் என்பவரை அறிவுசார் சொத்துரிமை முழுவதையும் ஆராயச் சொன்னது. 2006 டிசம்பரில் வந்த அவருடைய அறிக்கை, நீட்டிக்க வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே பாடி முடித்த பாட்டுக்கு வருஷம் கூட்டினால் புதிதாக ஒரு பாட்டும் பிறக்காது, கேட்கிறவர்கள்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். உடனே நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்கள் பெயரில் ஃபைனான்ஷியல் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அந்தப் பட்டியலில் இறந்துபோனவர்கள் பெயரும் இருந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். (வாக்காளர் பட்டியல் பார்த்துப் பழகிய நமக்கு இதில் என்ன ஆச்சரியம்!)

2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் ஆணையர் சார்லி மெக்ரீவி 95 வருஷம் ஆக்கலாம் என்று முன்மொழிந்தார். அவர் முன்னால் நிறுத்திய ஆட்கள் யார் தெரியுமா? நட்சத்திரப் பாடகர்கள் இல்லை. ஸ்டுடியோவில் ஒரு நாள் கூலிக்கு வயலினும் டிரம்பெட்டும் வாசித்துவிட்டுப் போன வாத்தியக்காரர்கள். வயசான காலத்தில் இவர்களுக்கு வருமானம் நின்றுவிடுகிறது, பாவம், என்றுதான் வாதம் தொடங்கியது. நியாயமான பரிதாபம்தான். கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களுக்குப் பெரம்பூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் போய், கால்ஷீட் கணக்கில் வாசித்துவிட்டு வந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துக் கலைஞர்கள் கதையும் அதேதான். படம் நாற்பது வருஷம் டிவியில் ஓடும். டிரம்பெட் வாசித்தவருக்கு அன்றைய கால்ஷீட்டோடு கணக்கு முடிந்தது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2009-இல் 95-ஐ 70 ஆகக் குறைத்தது. பிறகு நாடுகளுக்குள் இழுபறி. 2011 செப்டம்பர் 12 அன்று அமைச்சர்கள் அவை ஒப்புக்கொண்டது. அன்றும் பெல்ஜியம், நெதர்லாந்து, சுவீடன் உள்ளிட்ட எட்டு நாடுகள் எதிர்த்தே ஓட்டுப் போட்டன. 2013 நவம்பர் 1 முதல் 70 வருஷம்.

யாருக்குப் போனது பணம்? போர்ன்மத் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த மார்ட்டின் கிரெட்ஷ்மர் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டார். நீட்டிப்பால் வரும் பலனில் 72 சதவீதம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு. மீதி 28-இலும் பெரும்பகுதி நட்சத்திரங்களுக்கு. யாரைக் காட்டிப் பரிதாபம் தேடினார்களோ அந்த வாத்தியக்காரர்களுக்கு 4 சதவீதம். ஆம்ஸ்டர்டாமில் பெர்ன்ட் ஹூகன்ஹோல்ட்ஸ் தலைமையிலான சட்ட ஆய்வு நிறுவனத்திடம் ஐரோப்பிய ஆணையமே காசு கொடுத்து ஆய்வு கேட்டிருந்தது. அவர்களும் வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் ஆணையம் போனதும், ஹூகன்ஹோல்ட்ஸ் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கிளிஃப் ரிச்சர்டுக்கு நேர்ந்ததுதான். 2013 நவம்பர் 1 அன்று உரிமை உயிரோடு இருந்த பதிவுகளுக்கு மட்டும்தான் கூடுதல் 20 வருஷம் என்று சட்டம் வைத்தது. 1962 வரை வெளியானவை எல்லாம் 2012 கடைசியோடு முடிந்துபோயிருந்தன. ஆக யார் பெயரால் சட்டத்தை அழைத்தார்களோ, அவருடைய முதல் வெற்றிப் பாட்டே அதில் சேரவில்லை. பீட்டில்ஸ் என்ற பிரிட்டன் இசைக்குழுவின் முதல் சிங்கிள் (ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு) வந்தது 1962 அக்டோபரில், அதுவும் போச்சு. அவர்களின் 1963 பதிவுகளிலிருந்துதான் பிழைத்தன.

இன்னொரு கூத்தும் நடந்தது. பதிவு செய்து 50 வருஷத்துக்குள் வெளியிட்டிருந்தால்தான் 70 கிடைக்கும். அதனால் பெட்டியில் கிடந்த பழைய டேப்புகளைக் கம்பெனிகள் அவசர அவசரமாக வெளியே எடுத்தன. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 1962 பதிவுகளை 2012 கடைசியில் சுமார் நூறு பிரதிகள் மட்டும் போட்டு விற்றார்கள். நீட்டிப்புக்காகவே என்று தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். ரசிகர் கேட்கட்டும் என்று அல்ல, உரிமை போய்விடக் கூடாதே என்று. வெட்கப்பட வேண்டியதை அட்டையிலேயே எழுதி விற்ற தைரியத்தை மட்டும் பாராட்டலாம்.

ஐரோப்பியச் சட்டத்தை முழுக்கக் குப்பை என்றும் நான் தள்ள மாட்டேன். நீட்டிப்போடு சேர்த்து மூன்று நிபந்தனைகள் போட்டார்கள். ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்த வாத்தியக்காரர்களுக்காக, கூடுதல் காலத்து வருமானத்தில் 20 சதவீதத்தைக் கம்பெனி வருஷா வருஷம் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ராயல்டி ஒப்பந்தம் உள்ள பாடகரிடம், 'அன்றைக்குக் கொடுத்த அட்வான்ஸ் இன்னும் கழியவில்லை' என்று 50 வருஷத்துக்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: 50 வருஷம் கழிந்த பிறகு கம்பெனி அந்தப் பதிவைப் போதிய அளவில் விற்காமலும் கிடைக்கவிடாமலும் முடக்கி வைத்திருந்தால், பாடகர் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாம். வருஷம் நீட்டியதைவிட இந்த மூன்றும்தான் பாடகருக்கு உருப்படியானவை. என்ன, இவற்றை 50 வருஷம் காத்திருக்கச் சொல்லாமல் முதல் நாளிலிருந்தே கொடுத்திருக்கலாம்.

ஏன் வருஷக் கணக்கு பெரிய விஷயமில்லை என்கிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு கம்பெனி பாடகரிடம் ஒப்பந்தம் போடுகிறது. 51-ஆம் வருஷத்திலிருந்து 60-ஆம் வருஷம் வரை வருஷத்துக்கு 100 ரூபாய், மொத்தம் 1,000 ரூபாய் கூடுதலாக வரும் என்று நிச்சயமாகத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் அந்த 1,000 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 24 ரூபாய், அதாவது இன்று 24 ரூபாயை அந்த வட்டிக்குப் போட்டு வைத்தாலே அந்தப் பணம் அன்றைக்குக் கிடைத்துவிடும். எந்தக் கம்பெனிக்காரரும் அந்த 24 ரூபாய்க்காகப் பாடகருக்கு இன்று கூடுதல் சம்பளம் தரப்போவதில்லை. அமெரிக்காவில் 1998-இல் எல்லாவற்றுக்கும் 20 வருஷம் கூட்டியதை எதிர்த்து வழக்கு நடந்தபோது, மில்டன் ஃப்ரீட்மன் உட்பட நோபல் பரிசு வாங்கிய ஐந்து பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்த வாதமும் இதே வகைதான். வழக்கு என்னவோ 2003-இல் தோற்றது.

பாடி முடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவருக்கு வருஷம் கூட்டுவது, தண்டையார்பேட்டையில் வீட்டை வித்துவிட்டுப் போனவரிடம் 'உங்க தெருவுக்கு மெட்ரோ வந்துடுச்சு' என்று வாழ்த்துச் சொல்வதுதான். விலை ஏறியது உண்மை, ஏறியது வாங்கினவருக்கு.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. எழுதியவருக்கு இறந்த பிறகும் 60 வருஷம், பாடியவருக்குப் பாடிய நாளிலிருந்து எண்ணி 50 என்பது என்ன நியாயம்? கானாவில் பதினெட்டு வயசில் பாட ஆரம்பிப்பது சர்வ சாதாரணம். அப்படிப் பாடியவருக்கு 68 வயசில், மருந்து மாத்திரைக்கே காசு தேவைப்படும் நேரத்தில், உரிமை முடிகிறது. பாடியவர் உயிரோடு இருக்கும் வரையாவது இருக்கட்டும் என்று ஒருத்தர் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். அது வேறு கோரிக்கை. ஆயுசு முழுக்க என்று கேட்பதற்கும், கம்பெனிக்கும் சேர்த்து இருபது வருஷம் என்று கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இன்னொரு அநியாயம் நம் சட்டத்திலேயே இருக்கிறது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒலிப்பதிவு கம்பெனிக்கு 60 வருஷம், பாடகருக்கு 50. தாகூர் எழுத்துகளின் உரிமை முடியப்போகிறது என்று 1992-இல் பொதுவாக 50-ஐ 60 ஆக்கினார்கள், அதில் ஒலிப்பதிவும் சேர்ந்துகொண்டது. பாடகர் உரிமை அப்போது பிறக்கவே இல்லை. ஆக உங்கள் பெரியப்பாவின் 1996 கேசட்டில் அவர் பங்கு 2046-இல் முடியும், கம்பெனி பங்கு 2056 வரை ஓடும். அந்தப் பத்து வருஷம் அவர் குரலை விற்று வருவதில் அவருக்குச் சட்டப்படி ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இந்த இடைவெளி கிடையாது. போராடித்தான் ஆக வேண்டும் என்றால் '70 வேண்டும்' என்று கேட்காமல், இந்தப் பத்து வருஷ இடைவெளியை அடைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் நீட்டச் சொல்வதில் கானாவுக்கே ஆபத்து உண்டு. கானா எப்படி வளர்ந்தது? சினிமா மெட்டு, இந்துஸ்தானி மெட்டு, தெருவில் காதில் விழுந்தது, எல்லாவற்றையும் எடுத்துத் தன் பேச்சில் போட்டுப் பாடித்தான். டோலக், டேப்பு என்ற தாள வாத்தியங்கள் தவிர எதற்கும் காசு கொடுத்ததில்லை. உரிமைக் காலங்கள் எல்லாப் பக்கமும் நீளும்போது அந்தப் புழக்கத்தின் மேல்தான் முதலில் கை விழும். அதைவிடப் பெரிய சங்கடம் பழைய பதிவுகள். 80, 90களில் கானா கேசட் போட்ட சின்னச் சின்னக் கம்பெனிகள் பல மூடிவிட்டன. மாஸ்டர் டேப் யாரிடம், உரிமை யார் கையில் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. மரண வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடியவர்களின் குரல் நாலைந்து கேசட்டில் மட்டும் மிச்சம் இருக்கிறது, ஒழுங்காக மறுபடி வெளியிட அனுமதி வாங்கவும் வழியில்லை. இசைத்தட்டுக் காலத்துப் பழைய தமிழ்ப் பதிவுகளைச் சேகரிப்பவர்கள் இன்று தைரியமாக இணையத்தில் ஏற்ற முடிகிறதென்றால், ஒலிப்பதிவுக்கான 60 வருஷம் கடந்துவிட்டதும் அதற்குக் காரணம். முடக்கி வைத்தால் உரிமை போகும் என்ற நிபந்தனை இல்லாமல் வெறுமனே நீட்டினால், வடசென்னையின் குரல்கள் இன்னொரு தலைமுறைக்குப் பெட்டியிலேயே பூஞ்சை பிடிக்கும்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். அங்கே சாதாரண ரேடியோ, பாடகருக்குக் காசே கொடுப்பதில்லை. ஆனால் இணைய ரேடியோ வகைக்கு சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, 50 சதவீதம் கம்பெனிக்கும், 45 முக்கியப் பாடகருக்கும், 5 பின்னால் வாசித்த, பாடிய கலைஞர்களுக்கான நிதிக்கும் பிரிக்கிறது. பாடகர் பங்கு கம்பெனி வழியாகப் போவதில்லை, நேராகவே போகிறது. எத்தனை வருஷம் என்பதைவிட, பணம் எந்த வழியாக வருகிறது என்பதுதான் வயிற்றுக்குச் சோறு போடும்.

இந்தியாவில் அப்படி ஒரு வழி 2012 திருத்தத்தில் திறந்தது. முன்பெல்லாம் ஒரு தடவை சினிமாவுக்குப் பாடச் சம்மதித்தால் அதோடு பாடகர் உரிமை போய்விடும். 2012-க்குப் பிறகு, வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்று சட்டத்திலேயே வந்துவிட்டது. பெயர் போட வேண்டும், குரலைச் சிதைத்து மானக்கேடு செய்யக் கூடாது என்ற உரிமைகளும் சேர்ந்தே வந்தன. அடுத்த வருஷமே பாடகர்களுக்கான இஸ்ரா என்ற அமைப்பு பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவானது. பின்னர் வாத்தியக்காரர்களையும் சேர்த்து இசாம்ரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. உறுப்பினராகச் சேராமல் இருந்தால் உங்கள் பெயரில் அங்கே கணக்கே இருக்காது. நம் பக்கத்துக் கலைஞர்கள் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று மேடைக்குப் பின்னால் நின்று கேட்டுப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

அதே திருத்தத்தில் ஒரு முள்ளும் உண்டு. சினிமாவில் போகிற போக்கில் வந்து போகிற, தொழில் வழக்கப்படி டைட்டில் கார்டில் பெயர் போடாத ஆளைச் சட்டம் முழுக் கலைஞராகக் கணக்கில் எடுப்பதில்லை. குரலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். சாவு ஊர்வலக் காட்சிக்குக் காசிமேட்டிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போய் வாசிக்கவிடுகிறார்களே, அந்தத் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டா எவ்வளவு என்று பேசும்போதே டைட்டில் கார்டில் பேர் வருமா என்றும் பேசிக்கொள்ளுங்கள். பெருமைக்காக இல்லை, சட்டத்துக்காக.

இப்போது உங்கள் பெரியப்பா விஷயம். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது 'அக்ரிமெண்ட் எங்கே?' என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், 'அப்படி எதுவும் போடலையே சார், கையில காசு குடுத்தாங்க, பாடினோம்.' இதைச் சொல்லும்போது குற்றம் செய்த மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது உங்களுக்குச் சாதகம்! பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷம் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கொடுத்தது ரத்து. 39ஏ பிரிவு இதையெல்லாம் பாடகர் உரிமைக்கும் பொருத்துகிறது. சினிமாவுக்கு மட்டும் தனி விதி உண்டு என்பதால் படத்தில் வந்த பாட்டுக்கு இதே தர்க்கத்தை அப்படியே போட முடியாது. தனிக் கேசட்டுக்குப் போடலாம்.

ஆக, அன்று ஒரு துண்டுச் சீட்டில் 'மேற்படி பாடல்களைப் பாடியதற்கு முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், அது ரசீது. உரிமையை மாற்றிக் கொடுத்த பத்திரம் ஆகாது என்று வலுவாக வாதாடலாம். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார், பாடச் சம்மதித்ததே அனுமதிதான் என்பார். கேசட் விற்கச் சம்மதித்தவர், அன்று பிறக்கவே செய்யாத யூடியூபுக்கும் சேர்த்தா சம்மதித்தார் என்று நாம் கேட்கலாம். ஜெயிப்பது நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்க இது போதும். பெரும்பாலான தகராறுகள் அங்கேதான் முடிகின்றன.

இன்று பாடுகிற பிள்ளைகளுக்கு நிலைமை மோசம், ஏனென்றால் இப்போது எல்லோரும் பத்திரம் போடுகிறார்கள். யூடியூப் சேனல்காரர் நீட்டும் பேப்பரில் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனி வரப்போகும் தொழில்நுட்பங்கள் உட்பட' என்று ஒரு வரி இருக்கும். கீழே ஐயாயிரமோ பத்தாயிரமோ. 'நிரந்தரமாக' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டத்தில் 50-ஐ 70 ஆக்கச் சொல்லிக் கொடி பிடித்தால் யாருக்காகப் பிடிக்கிறீர்கள்? அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'மூன்று வருஷம்' என்று எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ஐந்துக்கு வாருங்கள். வியூஸ் வருமானத்தில் பங்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பாட்டு நீங்களே கட்டியது என்றால் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி, அதைப் பாடும் சம்பளத்தோடு சேர்த்து விழுங்க விடாதீர்கள்.

பெரியப்பா பழைய கேசட் கவர்களை வைத்திருந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள். பாடகர் பெயரும், கம்பெனி பெயரும், சில சமயம் வருஷமும் அதில் அச்சிட்டிருக்கும், அதுதான் சாட்சி. யூடியூபில் எந்தெந்தச் சேனலில் எந்தப் பாட்டு, என்றைக்கு ஏற்றியது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டும் எந்த வருஷம், எந்த ஸ்டுடியோவில் பாடினார், கூட யார் டோலக் வாசித்தார் என்று அவரை உட்கார வைத்துக் கேட்டு போனில் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். 1995 மே 10-க்கு முன்னா பின்னா என்பது முக்கியம், ஞாபகத்தை நம்பி வருஷத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். கூட வாசித்தவர்களையும் தேடிப் பிடியுங்கள், அவர்களுக்கும் தனித்தனியாக இதே உரிமை உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு இது வாரிசுகளுக்கு வரும், ஆனால் வருஷம் எண்ணுவது பாடியதிலிருந்துதான், இறந்ததிலிருந்து இல்லை. அப்புறம், 2046 வரை நேரம் இருக்கிறதே என்று வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். நஷ்டஈடு கேட்கப் பொதுவாக மூன்று வருஷக் கெடுதான்.